அப்பிளின் தாயகத்தைக் கண்டு சொன்னவர்

கடையில நாங்கள் வாங்கிற அப்பிளுக்கும் ஒரு சொந்த ஊர் இருக்குது. அதைக் கண்டு சொன்னவர் ரஷ்ய விஞ்ஞானி நிக்கலாய் வவிலோவ்.

1887இல் மொஸ்கோவில் பிறந்தவர். பஞ்சம் ஒழிய நல்ல விதை வேணும் என்று நாடு நாடாக அலைந்து விதை சேர்த்தார். ஒரு பயிரின் வகைகள் எங்கே ஆகக் கூடுதலாக உண்டோ, அதுவே அதன் தாயகம் என்பது அவரது கணிப்பு.

1929இல் கசகஸ்தானின் அல்மா-அட்டாவுக்குப் போனார். இன்றைய அல்மாட்டி நகரம்தான் அது. கசாக் மொழியில் அல்மா எண்டால் அப்பிள். மலைச்சாரலெல்லாம் காட்டு அப்பிள் மரங்கள். மரத்துக்கு மரம் நிறமும் பருமனும் உருசியும் வேறு வேறு. அப்பிள் பிறந்த இடம் இதுதான் என்றார். பிற்கால மரபணு ஆய்வுகளும் அதையே உறுதிப்படுத்தின.

லைசென்கோவின் போலி விஞ்ஞானத்தை எதிர்த்து நின்ற அவரை, 1940இல் ஸ்டாலினின் பொலிஸ் நாசவேலைக்காரர் என்று பிடித்துப் போனது. 1943 தை மாதம் சரத்தோவ் சிறையில் பட்டினியால் இறந்தார். அதே போரில், முற்றுகைக்குள் கிடந்த லெனின்கிராட்டில் அவரது நிலையத்து ஊழியர் பலர் விதைநெல்லைத் தொடாமலே பசியில மாண்டார்கள். 1955இல் அவர் குற்றமற்றவர் என்று அரசே ஒப்புக்கொண்டது.

புத்தாண்டுத் தட்டில் அப்பிள் வைக்கேக்க, பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கோ.