காரீயத்தின் கேட்டை உலகுக்கு உணர்த்திய அலிஸ் ஹமில்டன் அம்மையார்

1867 ஆம் ஆண்டு லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையை நாட்டினார். அன்று தொடங்கிய மலையகத்தின் தேயிலை வரலாற்றை நாம் பலமுறை பேசியிருக்கின்றோம். எனினும், ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் கடல் கடந்து சென்ற தேயிலை ஈரம் படாதிருக்கும் பொருட்டு, மரப்பெட்டிகளின் உட்புறத்தில் காரீயத் தகடு பொருத்தப்பட்ட காலமொன்று இருந்ததை இன்று நினைப்பவர்கள் சிலரே. பின்னாளில் அலுமினியத் தகடு அதன் இடத்தைப் பிடித்துக் கொண்டது. அக்காரீயத்தை வெட்டி, உருக்கி ஒட்டிய கைகளைப் பற்றியோ நாம் எண்ணிப் பார்ப்பதேயில்லை.

அத்தகைய கைகளைப் பற்றி எண்ணுவதையே தமது வாழ்நாட் பணியாகக் கொண்டவர் அலிஸ் ஹமில்டன் அம்மையார். மலையகத்தில் தேயிலை வேரூன்றிய இரண்டாம் ஆண்டில், 1869 பெப்ரவரி 27 ஆம் திகதி அவர் நியூயோர்க் நகரில் பிறந்தார். இந்தியானா மாநிலத்தின் போர்ட் வெய்ன் நகரில் வசதியான குடும்பத்தில் வளர்ந்தார். பெண்கள் வைத்தியம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில், 1893 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் ஜேர்மனிக்குச் சென்று நுண்ணுயிரியலும் நோய்க்குறியியலும் கற்றார்.

1897 இல் சிகாகோ நகருக்குச் சென்ற அவர், ஜேன் அடம்ஸ் அம்மையார் நடத்திவந்த ஹல் இல்லத்தில் குடியேறினார். பிற நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. அவர்களோடு அயலவராக வாழ்ந்தமையே அவரது கண்களைத் திறந்தது எனலாம். ஆலைக்குச் சென்ற திடகாத்திரமான ஆண்கள் சில ஆண்டுகளிலேயே மணிக்கட்டுத் தொங்கி, வயிற்றுவலியால் துடித்து, முடங்கிப் போவதை அவர் கண்டார். அந்நியர், ஏழைகள், மொழி தெரியாதவர்கள் என்பதால் அவர்களுக்காகக் கேள்வி கேட்பார் எவருமிலர். மலையக மக்களின் முன்னோர் பட்ட பாட்டை அறிந்த நமக்கு இந்நிலையை விளக்க வேண்டியதில்லை.

1910 இல் இலினோய் மாநிலம் தொழில்சார் நோய்களை ஆராய ஆணைக்குழுவொன்றின் மூலம் கணக்கெடுப்பு நடத்தியபோது, அதனை வழிநடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. காரீயத்தைத் தமக்குரிய பகுதியாக அவர் எடுத்துக் கொண்டார். ஆலைகளுக்குள் நேரில் சென்றதோடு நில்லாது, தொழிலாளரின் வீடுகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் சென்றார். வைத்தியசாலைப் பதிவேடுகளைப் புரட்டினார். காரீயம் பயன்படும் தொழில்முறைகள் எழுபதுக்கும் அதிகமானவை என அவ்வாய்வு வெளிப்படுத்தியது. குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூசும் வேலை கூட மனிதரை நஞ்சூட்டுவதை அவர் கண்டறிந்தார். மறு ஆண்டே அம்மாநிலம் தொழில்சார் நோய்களைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. அதன்பின் மத்திய அரசின் விசேட ஆய்வாளராகி நாடெங்கும் இதே பணியைத் தொடர்ந்தார். ஆலைக்குள் நுழைய அவருக்குச் சட்ட அதிகாரம் இருக்கவில்லை. உரிமையாளரின் இணக்கத்தைக் கேட்டுப் பெற்றே உள்ளே சென்றார்.

அக்கால முதலாளிமார், தொழிலாளி கை கழுவாமல் உண்பதாலேயே நோயுறுகின்றான் என்று பழியை அவன்மீதே சுமத்தினர். அம்மையார் அதனை ஏற்கவில்லை. காற்றில் கலந்த தூசையும் புகையையும் சுவாசிப்பதே பெருங்காரணம் என அவர் நிறுவினார். காரணம் அழுக்குக் கையாயின் குற்றம் தொழிலாளியுடையது; தூசாயின் அதனை அகற்ற வேண்டிய கடமை முதலாளியுடையது. இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கியதே அவரது மிகப்பெரும் தொண்டு என நாம் கருதுகின்றோம். வெள்ளைக் காரீயம் உற்பத்தி செய்த பெருநிறுவனம் ஒன்றுக்குப் பின்னாளில் தலைவரான எட்வர்ட் கோர்னிஷ் தமது ஆலைகளில் நோயே இல்லை என மறுத்தபோது, வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட 22 பேரின் விபரங்களோடு அவர் திரும்பி வந்தார். கோர்னிஷ் தம் சொல்லைக் காத்து ஆலைகளைத் திருத்தியமைத்தார். குரலை உயர்த்தாது ஆதாரத்தால் வெல்வதே அம்மையாரின் வழி.

1919 இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகம் அவரை விரிவுரைக்கு அழைத்தது. அங்கு ஆசிரியப் பதவி பெற்ற முதற் பெண்மணி அவரே. ஆயினும் ஆசிரியர் மன்றத்துக்குள் நுழையலாகாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் செல்லலாகாது என்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. 1935 இல் ஓய்வுபெறும் வரை அவருக்குப் பதவி உயர்வு வழங்கப்படவில்லை.

1924 இல் நியூஜேர்சியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமொன்றில், பெற்றோலில் கலக்கும் காரீயச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். அடுத்த ஆண்டு வொஷிங்டனில் கூடிய மாநாட்டில், காரீயம் கலந்த பெற்றோலை அனுமதிக்க வேண்டாமென அம்மையார் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை புறக்கணிக்கப்பட்டது. பல தசாப்தங்கள் உலகின் வீதிகளெங்கும் காரீயப் புகை பரவிய பின்னரே அரசுகள் விழித்துக் கொண்டன. இலங்கையில் 2002 இல் அது கைவிடப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 இல் நிறுத்தியது. 1970 செப்டெம்பர் 22 ஆம் திகதி, தமது 101 ஆவது வயதில் அம்மையார் மறைந்தார். மூன்று மாதங்களின் பின், டிசம்பர் 29 இல், தொழிலாளரின் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான சட்டம் அமெரிக்காவில் நடைமுறைக்கென ஒப்பமிடப்பட்டது.

இவ்வரலாறு நமக்கு எதற்கு என்ற வினா எழலாம். காரீயம் நம் வீடுகளை விட்டு இன்னும் அகலவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெருநாளுக்கும் லயன் அறைகளின் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கதவுக்கும் யன்னலுக்கும் எனாமல் பூசுகின்றோம். பழைய பூச்சைச் சுரண்டும்போது பறக்கும் தூசைக் குழந்தைகள் சுவாசிக்கின்றனர். உரிந்த செதிலை வாயிலும் இடுகின்றனர். வர்ணப்பூச்சில் காரீயத்தின் அளவுக்கு நம் நாட்டில் வரம்பு விதிக்கும் கட்டளை 2011 இல் வெளியாகி, 2013 ஜனவரி முதலே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட கதவுகள் இன்றும் நம்மிடையே உள்ளன.

பழைய பற்றரிகளை வீட்டு முற்றத்தில் உடைத்து உருக்குவோர் தம் பிள்ளைகளையே நஞ்சுக்கு ஆளாக்குகின்றனர். பாத்திரத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம். ஈயம் என்ற ஒரே சொல்லில் காரீயமும் மறைந்து கொள்வதால் ஏமாற்றம் எளிதாகின்றது. சுர்மா என்றும் கண்மை என்றும் விற்கப்படுபவற்றுள் சிலவற்றில் காரீய சல்பைட்டே அடங்கியுள்ளதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. மார்க்கம் விரும்பிய தூய்மைக்காகவும் பச்சிளம் குழந்தையின் அழகுக்காகவும் இடும் மை எங்கிருந்து வருகின்றது, எதனால் ஆனது எனக் கேட்டறிவது பெற்றோரின் கடமையாகும்.

காரீயத்தில் பாதுகாப்பான அளவென்று ஒன்று அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அது குழந்தையின் அறிவு வளர்ச்சியைக் குறைக்கின்றது. பெரியவர்களின் இரத்த அழுத்தத்தை உயர்த்திச் சிறுநீரகத்தைப் பாதிக்கின்றது. எலும்பில் தங்கியிருக்கும் காரீயம் கர்ப்ப காலத்தில் வெளிப்பட்டுக் கருவையும் அடைகின்றது. இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த உடல் அதனைக் கூடுதலாக உறிஞ்சிக் கொள்ளும். இரத்தச்சோகையோடு மலையேறிக் கொழுந்து பறிக்கும் தாய்மார் நிறைந்த தோட்டங்களுக்கு இதைவிடக் கவலை தரும் செய்தி வேறில்லை. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின், அதாவது சுமார் 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் கவலைக்குரிய அளவில் உள்ளதென யுனிசெப் 2020 இல் மதிப்பிட்டது.

பூச்சைச் சுரண்டுமுன் ஈரமாக்குதல், தூசைப் பெருக்காது ஈரத் துணியால் துடைத்தல், குழந்தைகளை அவ்வேளையில் அப்புறப்படுத்தல், காரீயமற்றது எனக் குறிக்கப்பட்ட பூச்சை வாங்குதல் ஆகியவை நம்மால் இயன்றவை. எனினும் இவற்றோடு விட்டுவிடுவது, கை கழுவாத தொழிலாளியைக் குறைகூறிய பழைய வாதத்துக்கே நம்மைத் திரும்பக் கொண்டுசெல்லும். லயன் அறைகளின் பழைய பூச்சைப் பரிசோதிப்பதும், தோட்ட வைத்திய நிலையங்களில் சிறுவரின் இரத்தத்தைச் சோதிக்க வழி செய்வதும் நிர்வாகங்களும் அரசும் ஏற்க வேண்டிய பொறுப்பு. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இதனையும் வைக்க வேண்டும். அம்மையார் செய்தது போல, வீடு வீடாகச் சென்று விபரங்களைத் திரட்டி, ஆதாரத்தோடு கேட்பின், மறுப்பது எவருக்கும் எளிதாயிராது.