காற்றை மருந்தாகக் கொண்ட மருத்துவர் சௌரிமுத்து

திருநீர்மலைக்குத் தென்கிழக்கே இரண்டு மூன்று கல் தொலைவில், பச்சைமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை. அருகிலுள்ள புகைவண்டி நிலையமும் 'சானடோரியம்' என்றே வழங்குகிறது. அப்பெயரைச் சொல்லி அன்றாடம் பயணச்சீட்டு வாங்கும் நம் மாணவச் செல்வங்கள், அதற்குக் காரணமான பெருமகனாரை அறிந்திருப்பது நலம் எனக் கருதி இவ்வரலாற்றை எழுதுகின்றோம்.

டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து 1864 இல் பிறந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று எம்.ஆர்.சி.எஸ். தகுதி பெற்றார். இன்று மாஸ்கோவுக்கும் மணிலாவுக்கும் மருத்துவம் பயிலச் செல்லும் நம் பிள்ளைகள் மறுநாளே பெற்றோருடன் தொலைபேசியில் பேசிவிடுகின்றனர். அன்றோ கப்பலில் வாரக்கணக்கில் பயணம். மடல் போய் மறுமொழி வர மாதங்கள் ஆகும்.

நம் நாட்டு இளைஞரை வரவேற்ற அக்கால இலண்டன் நாற்பது இலட்சம் மக்கள் நெருங்கி வாழ்ந்த மாநகரம். வீடுதோறும் எரிந்த நிலக்கரியின் புகை மூடுபனியோடு கலந்து, நண்பகலிலும் விளக்கேற்ற வைக்கும். வெயிலைக் கண்டால் நிழல் தேடி ஒதுங்கிப் பழகிய கண்களுக்கு வெயிலே அரிதாகிய ஊர் எவ்வளவு அயலாகத் தோன்றியிருக்கும்! அப்புகைக்கு நடுவே, காற்றோட்டமற்ற குடியிருப்புகளில் எலும்புருக்கி நோய் ஏழைகளைக் குடும்பம் குடும்பமாக அழித்துக்கொண்டிருந்தது. அதன் கிருமியை 1882 இல் ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக் கண்டறிந்து விட்டார். அதைக் கொல்லும் மருந்துதான் எவரிடமும் இல்லை. பகைவனின் முகம் தெரிந்தும் கையில் வாள் இல்லாத நிலை அது.

தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகிய மூன்றுமே அன்றைய மருத்துவம். சாமர்செட் மாவட்டத்தில் மெண்டிப் மலைப்பகுதியில், வெல்ஸ் நகருக்கு அருகே சௌரிமுத்து நலவாழ்வு மனை ஒன்றை நடத்தினார். ஆங்கிலேயர் நம்மை ஆண்ட காலத்தில், அவர்தம் மண்ணிலேயே அவர்தம் நோயாளிகள் ஒரு தமிழரை நம்பித் தம் உயிரை ஒப்படைத்தனர் என்பது சிறிய செய்தியன்று.

கணிதமேதை இராமானுசன் 1914 இல் இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலில் சௌரிமுத்துவும் பயணம் செய்தார். 1917 இல் நோயுற்ற இராமானுசன் மெண்டிப் மனையில் அவரிடமே சிகிச்சைக்குச் சேர்ந்தார். புலால் உண்ணாத அவருக்குக் குளிரோடு உணவும் பெருந்துன்பம். அங்கு நெடுநாள் தங்கவில்லை. 1920 இல் தாயகத்தில் மறைந்தார். அவரைப் பற்றியது காசநோய் அன்று, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயே என 1994 இல் ஓர் ஆங்கில மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். அக்கருத்து சரியெனில், அன்றைய மருத்துவர் அனைவரும் வேறொரு பகைவனைத் தேடிக்கொண்டிருந்தனர் என்றாகும். இதற்காகச் சௌரிமுத்துவைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. அக்காலக் கருவிகள் காட்டியது அவ்வளவே.

திறந்தவெளி மனைகளில் 22 ஆண்டுகள் பெற்ற பட்டறிவை 1922 இல் நூலாக்கினார். மேனாட்டு மருத்துவத்தில் தேர்ந்தும் நம் பழைய மருத்துவத்தை அவர் இகழவில்லை. அதன் தொன்மை பற்றியும் நூல் எழுதினார்.

அறுபதைக் கடந்த அகவையில், ஓய்வை நாடாமல் தாயகத்தில் புதிய பணி தொடங்கினார். 1928 ஏப்ரல் 9 அன்று 250 ஏக்கர் பரப்பில், 12 படுக்கைகளுடன் தாம்பரம் மனை திறக்கப்பட்டது. புகை சூழ்ந்த நாட்டில் கற்ற பாடத்தை வெயிலும் காற்றும் விலையின்றிக் கிடைக்கும் மண்ணில் செயற்படுத்தினார். 1937 இல் சென்னை மாகாண அரசு அதனை ஏற்றுக்கொண்டது.

அவர் மறைந்தது 1940 இல். மூன்றே ஆண்டுகளில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. பின்னர், வீட்டில் இருந்தபடியே மருந்துண்பவரும் நலவாழ்வு மனையில் உள்ளோருக்கு இணையாகக் குணமடைவர் என்று 1959 இல் உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியது சென்னைச் சேத்துப்பட்டிலிருந்த காசநோய் ஆய்வு மையமே. உலகின் பல நாடுகளில் இத்தகைய மனைகள் மூடப்பட்டன. தாம்பரத்தில் மட்டும் கதவு அடைபடவில்லை. 1993 முதல், பிறர் தொட அஞ்சிய எய்ட்சு நோயாளிகளையும் அது உள்ளே அழைத்துக்கொண்டது.