இடுப்பில் கயிறு கட்டி பேட்டிங் சொல்லிக்கொடுத்தவர்: யார் இந்த லெஃப்டி ஓ'டூல்?

சாஃப்ட்பால் பழகும் ஒரு சிறுமி பந்தை அடிக்கத் திணறினால் போதும், சுற்றி நிற்கும் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். முழங்கையைத் தூக்கு, காலை அகட்டு, இடுப்பைத் திருப்பு, தலையை ஆட்டாதே... ஒரே வாரத்தில் தன்னுடைய ஸ்விங் எது என்பதே அவளுக்கு மறந்துபோகும்.

எதைத் திருத்த வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும்? பயிற்சியாளர்களுக்கு இதுதான் உண்மையான தலைவலி. இந்த விஷயத்தில் கில்லாடி என்று பெயரெடுத்தவர் அமெரிக்க பேஸ்பால் வீரர் லெஃப்டி ஓ'டூல். சாஃப்ட்பால், பேஸ்பாலில் இருந்து பிறந்த ஆட்டம். ஸ்விங்கின் அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான்.

டீச்சர் கற்றுக்கொடுத்த ஆட்டம்

1897 மார்ச் 4 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர் ஓ'டூல். இறைச்சிக் கூடங்கள் நிறைந்த ஏரியா அது. அப்பாவின் தொழிலும் அதுதான். பேஸ்பாலை முறையாகக் கற்றுக்கொடுத்தது யார் தெரியுமா? பள்ளி ஆசிரியையான ரோஸி ஸ்டோல்ட்ஸ். பந்து வீசுவது, பிடிப்பது, அடிப்பது எல்லாமே அவரிடம் கற்றவைதான் என்று பிற்காலத்தில் ஓ'டூல் நன்றியோடு சொல்லி வந்தார். பெண்கள் விளையாட்டுப் பயிற்சியாளராக இருப்பதே அபூர்வமான காலம் அது.

ஒரே இன்னிங்ஸில் 13 ரன்

ஓ'டூல் முதலில் பேட்ஸ்மேன் இல்லை. இடது கை பிட்சர், அதாவது பந்து வீச்சாளர். 1919-ல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குப் போனார். ஆனால் கை காயம் அவரை வளரவிடவில்லை. 1923-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காக ஆடியபோது, கிளீவ்லாந்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 13 ரன் கொடுத்தார். பேஸ்பாலில் ஒரு அணி முழு ஆட்டத்தில் 5 ரன் எடுத்தாலே நல்ல ஸ்கோர். அப்படியென்றால் இது எப்பேர்ப்பட்ட அடி என்று யோசித்துப் பாருங்கள்.

26 வயதில் கரியர் முடிந்த மாதிரிதான் இருந்தது. மேஜர் லீக்கை விட்டுக் கீழிறங்கி, மேற்குக் கடற்கரையின் பசிபிக் கோஸ்ட் லீக்குக்குப் போனார். பந்து வீசுவதை விட்டுவிட்டு, பேட்டிங்கை முதலில் இருந்து ஆரம்பித்தார்.

31 வயதில் மறுபிறவி

1928-ல், 31 வயதில், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் பேட்ஸ்மேனாக மேஜர் லீக்குக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு பிலடெல்பியா ஃபில்லீஸ் அணிக்காக 254 ஹிட் அடித்தார். நேஷனல் லீக்கில் ஒரு சீசனில் அதைவிட அதிகம் யாரும் இன்றுவரை அடித்ததில்லை. அடுத்த ஆண்டே பில் டெர்ரி அதைச் சமன் செய்தார், அவ்வளவுதான்.

அந்த சீசனில் ஓ'டூலின் சராசரி .398. பேஸ்பாலில் சராசரி என்பது அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் எத்தனை ஹிட் ஆயின என்ற கணக்கு. .300 எடுத்தாலே நல்ல வீரர். 1932-ல் புரூக்ளின் அணிக்காக .368 எடுத்து மறுபடியும் லீக்கின் முதலிடம். மொத்த மேஜர் லீக் வாழ்க்கையின் சராசரி .349.

இயல்பாகவே அடிக்க வந்தவர்களுக்குத் தாங்கள் எப்படி அடிக்கிறோம் என்று விளக்கத் தெரியாது. ஓ'டூல் வளர்ந்த பிறகு தன் ஸ்விங்கைத் தானே கட்டியெழுப்பியவர். அதனால் மற்றவர்களின் ஸ்விங் எங்கே உடைகிறது என்பது அவர் கண்ணுக்குச் சட்டென்று தெரிந்தது.

கயிறு எதற்கு?

1935-ல் சான் பிரான்சிஸ்கோ சீல்ஸ் அணியின் மேனேஜர் ஆனார். 1951 வரை அதே வேலை. பேட்ஸ்மேனின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவரது பிரபலமான உத்தி. பந்தைப் பார்த்ததும் வீரர் உடம்போடு முன்னால் பாய்ந்தால், கயிற்றைச் சுண்டி இழுப்பார்.

காரணம் எளிமையானது. ஸ்விங்கின் பலம் கையில் இருந்து வருவதில்லை. பின்னங்காலில் எடையை நிறுத்தி, முன்னங்காலைச் சின்னதாக எடுத்து வைத்து, இடுப்பு முதலில் திரும்ப வேண்டும். தோளும் கையும் பேட்டும் அதன் பின்னால் வரும். உடம்பு முன்னாடியே பாய்ந்துவிட்டால் இடுப்பு திரும்ப எதுவும் மிச்சமில்லை. கை மட்டும் தனியாக வீசும். தலை நகர்வதால் கண்ணும் ஏமாந்துவிடும்.

இதை வாயால் நூறு தடவை சொன்னாலும் உடம்புக்குப் புரியாது. கயிறு ஒரே இழுப்பில் புரியவைத்துவிடும்.

மாற்றியதும் மாற்றாததும்

1948-ல் சீல்ஸ் அணிக்கு வந்த ஜீன் வுட்லிங் நிற்கும் விதத்தையே ஓ'டூல் மாற்றினார். அந்த ஆண்டு வுட்லிங் .385 எடுத்து லீக்கில் முதலிடம் பிடித்தார். பிறகு யாங்கீஸ் அணிக்காகத் தொடர்ந்து 5 உலக சீரிஸ் வென்ற குழுவில் இருந்தார்.

ஆனால் ஜோ டிமாஜியோ விஷயத்தில் ஓ'டூல் கிட்டத்தட்ட எதையுமே தொடவில்லை. 1935-ல் சீல்ஸ் அணியில் ஆடிய டிமாஜியோ, அடுத்த ஆண்டு யாங்கீஸ் போகவிருந்தார். அங்கே மைதானத்தின் இடது-நடுப்பகுதி எல்லை ரொம்ப தூரம். வலது கை வீரர் நன்றாக அடித்தாலும் கேட்ச் ஆகிவிடும். அதனால் இடது ஓரத்தை நோக்கி பந்தை இழுத்து அடிக்க மட்டும் பழக்கினார். டிமாஜியோவை உருவாக்கிய பெருமையை மற்றவர்கள் கொடுக்க வந்தபோது ஏற்க மறுத்தார். சும்மா விட்டதுதான் தான் செய்த உதவி என்பது அவர் கருத்து.

1936-ல் சான் டியாகோவில் ஒல்லியான ஒரு பையன் அவரிடம் வந்து, நல்ல பேட்ஸ்மேன் ஆக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். யார் சொன்னாலும் உன் ஸ்விங்கை மாற்ற விடாதே என்பதுதான் கிடைத்த பதில். அந்தப் பையன் டெட் வில்லியம்ஸ். 1941-ல் அவர் எடுத்த சராசரி .406.

எதிரி நாட்டுக்குப் போன கோச்

1931-ல் முதல்முறை ஜப்பான் போனவர், அடுத்த ஆண்டே டோக்கியோ பல்கலைக்கழக அணிகளுக்குப் பயிற்சி கொடுக்கத் திரும்பினார். டோக்கியோ ஜயன்ட்ஸ் அணியின் பெயரும் அவர் யோசனைதான். பிறகு போர் வந்தது. போர் முடிந்து 4 ஆண்டுகளில், 1949-ல், சீல்ஸ் அணியோடு மறுபடி ஜப்பான் போனார். தோற்று, நொறுங்கிக் கிடந்த மக்கள் மைதானங்களை நிரப்பினார்கள். 1951-ல் ஜப்பானின் முன்னணி வீரர்கள் 4 பேர் கலிபோர்னியா வந்து அவரது முகாமில் பயிற்சி எடுத்தார்கள்.

1969 டிசம்பர் 7 அன்று ஓ'டூல் இறந்தார். பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்த அதே தேதி. 2002-ல் ஜப்பான் அவரைத் தன் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது. அமெரிக்க ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இன்றுவரை இடம் இல்லை.

இன்றைய சிறுமிகளுக்கு என்ன?

பெண்கள் சாஃப்ட்பாலில் பிட்சர் நிற்பது 43 அடி தூரத்தில். பேஸ்பாலில் 60 அடிக்கு மேல். அதனால் பேஸ்பாலைவிட வேகம் குறைந்த பந்தும் சட்டென்று வந்துவிடும். அவசரத்தில் முன்னால் பாய்வதுதான் புதிதாக ஆடும் சிறுமிகளின் பொதுவான பிழை. ஓ'டூல் கயிறு கட்டித் திருத்திய அதே பிழை.

அதைத் திருத்துவது அவசியம். ஆனால் பேட்டை எந்த உயரத்தில் பிடிக்கிறாள், எப்படி நிற்கிறாள் என்பதெல்லாம் அவளுக்கே உரிய ஸ்டைல். பந்து சரியாகப் படும்வரை அதில் கை வைக்கத் தேவையில்லை. ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் போதும். அதற்கு முன்னால் கோச்சும் பெற்றோரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்று பார்க்க வேண்டியிருக்கும்.