காய்ந்துபோன டெக்னாலஜியும் ஒரு மெயின்டெனன்ஸ் இன்ஜினியரும்: குன்பெய் யோகோய்



டிசம்பர் கடைசி வந்தாலே ஹாஸ்டல்ல ஆளுக்கொரு லிஸ்ட் போட ஆரம்பிச்சிடுவோம். ஜிம் போகணும், தினமும் கோடிங் பண்ணணும், அரியரை முடிக்கணும்... என் லிஸ்ட் கொஞ்சம் வேற மாதிரி. அடுத்த வருஷம் எந்தெந்தப் பழைய வீடியோ கேமை முடிக்கணும் என்பதுதான் அது.

சிரிக்காதீங்க. என் லேப்டாப்பில் நூற்றுக்கணக்கில் பழைய கேம் கிடக்கு. ஒவ்வொண்ணையும் அஞ்சு நிமிஷம் தொட்டுப் பார்த்துட்டு அடுத்ததுக்குத் தாவிடுவேன். இந்த வருஷம் கடைசி வரைக்கும் ஆடி முடிச்சது ஒண்ணுகூட இல்லை. அதனால ஐந்தே ஐந்து கேம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு இலக்குன்னு எழுதினேன். எழுதி முடிச்சுப் பார்த்தா, ஐந்துக்கும் பின்னாடி ஒரே மனுஷன் இருக்கார். அவர் குன்பெய் யோகோய்.

மங்கலம்பேட்டையில் நான் ஸ்கூல் படிச்சப்போ, விருத்தாசலம் மாசி மகத் திருவிழாக் கடையில் சித்தப்பா ஒரு பிரிக் கேம் வாங்கிக் கொடுத்தார். பழுப்பு நிற ஸ்கிரீன், ரெண்டு பென்சில் பேட்டரி, இடது பக்கம் நாலு பட்டன். உங்கள்ல பாதிப் பேர் வீட்டுலயும் அது இருந்திருக்கும். அந்த மலிவுப் பொம்மைக்குத் தாத்தா முறை யாருன்னு இப்போதான் தெரிஞ்சுது. அவர் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போறேன். பிளேஸ்மென்ட் லிஸ்ட்ல பேர் வராதவங்க (நானும்தான்) கொஞ்சம் கூடுதல் கவனத்தோட படிங்க.

சீட்டுக்கட்டு கம்பெனியில் ஒரு இசிஇ பையன்

குன்பெய் யோகோய் 1941 செப்டம்பர் 10 அன்று ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் பிறந்தார். அங்கேயே தோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்தார். பெரிய மார்க் எடுக்கும் மாணவர் இல்லை. பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் வேலை கிடைக்கவில்லை. சொந்த ஊரிலேயே இருந்த ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது. அது நின்டெண்டோ.

இப்போ கேட்டா ஆஹான்னு தோணும். ஆனால் 1965-இல் நின்டெண்டோ ஒரு சீட்டுக்கட்டு கம்பெனி. 1889-இல் தொடங்கி, ஹனாஃபுடா என்ற பூப்படம் போட்ட சீட்டுகளை அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தது. யோகோய்க்குக் கிடைத்த வேலை, அந்தச் சீட்டு செய்யும் மெஷின்களைப் பராமரிப்பது. எலக்ட்ரானிக்ஸ் படிச்சவருக்கு எண்ணெய் போடுற வேலை. கூடப் படிச்சவங்க எங்கெங்கேயோ போயிருப்பாங்க, இவர் சீட்டுக்கட்டு மெஷினுக்குப் பக்கத்துல.

நீளும் கை

மெஷின் ஒழுங்கா ஓடினா மெயின்டெனன்ஸ் ஆளுக்கு வேலை கிடையாது. பொழுது போகாமல் யோகோய் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்களை இணைத்து ஒரு விளையாட்டுச் சாமான் செய்தார். கைப்பிடியை அழுத்தினா முன்னாடி நீண்டு போய் ஒரு பொருளைப் பிடிக்கும். கத்தரிக்கோல் தத்துவம்தான், பெரிய ரகசியம் ஒண்ணுமில்லை.

ஒருநாள் கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி அதைப் பார்த்துவிட்டார். வேலை நேரத்தில் விளையாடியதற்குத் திட்டு விழும் என்றுதான் யோகோய் நினைத்திருப்பார். யமாவுச்சியோ அதையே விற்கும் பொருளாக மாற்றச் சொன்னார். 1966-இல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் வெளிவந்து, 12 லட்சத்துக்கு மேல் விற்றது. மெயின்டெனன்ஸ் ஆள் அன்றோடு பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

அடுத்தடுத்து வந்தவற்றில் ஒன்று 1969-இன் லவ் டெஸ்டர். ஒரு பையனும் பொண்ணும் கைகோத்து, மற்ற கைகளால் ஆளுக்கொரு உலோக உருண்டையைப் பிடிக்கணும். உடம்பு வழியா ஓடும் மிகச் சிறிய கரண்டை ஒரு மீட்டர் காட்டும். உள்ளே இருப்பது ஃபர்ஸ்ட் இயர் லேப் சர்க்யூட் அளவுக்குத்தான். காதலை அளக்குதோ இல்லையோ, கையைப் பிடிக்க ஒரு சாக்குக் கிடைச்சுது. அதுதான் அந்தப் பொருளோட டிசைன்.

1972-இல் லெஃப்டி ஆர்எக்ஸ் என்ற ரிமோட் கார். அப்போதெல்லாம் ரிமோட் கார் என்றால் கொள்ளை விலை. யோகோய் ஒரே ஒரு சேனலை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழற்றிப் போட்டார். அதனால் கார் இடது பக்கம் மட்டும்தான் திரும்பும். ரேஸ் டிராக் வட்டமா இருந்தா அது போதுமே! விலை பல மடங்கு குறைந்தது.

எல்லாமே ஜெயித்ததாக நினைக்காதீங்க. ஒளியால் சுடும் துப்பாக்கி விளையாட்டைப் பெரிதாக்கி, 1973-இல் காலியாகக் கிடந்த பௌலிங் கூடங்களில் லேசர் கிளே ஷூட்டிங் என்று ஆரம்பித்தார்கள். அதே வருஷம் எண்ணெய் நெருக்கடி வந்து ஆர்டர்கள் ரத்தாகின. கம்பெனி கடனில் மாட்டியது.

ரயிலில் ஒரு கால்குலேட்டர்

1970-களின் கடைசியில் யோகோய் புல்லட் ரயிலில் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு ஆபீஸ்காரர் போரடித்துப் போய், பாக்கெட் கால்குலேட்டர் பட்டன்களைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தார். பெரியவர்களும் யாருக்கும் தெரியாமல் கைக்குள் வைத்து விளையாட ஒரு சின்னக் கருவி இருந்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது.

அது தலைவர் காதுக்குப் போனதும் ஒரு தற்செயல்தான். யமாவுச்சியின் டிரைவருக்கு உடம்பு சரியில்லாத ஒருநாள், இடது பக்க ஸ்டீயரிங் வைத்த அவருடைய காரை ஓட்டத் தெரிந்தவர் என்று யோகோயைக் கூப்பிட்டார்கள். போகிற வழியில் பேச்சோடு பேச்சாக இந்த யோசனையைச் சொன்னார். தலைவர் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைய கூட்டத்தில் ஷார்ப் கம்பெனித் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது விஷயத்தைப் போட்டுவிட்டார். கால்குலேட்டர் விலைப்போரில் ஷார்ப்பும் கேசியோவும் மோதி, எல்சிடி திரைகள் மலிந்துபோயிருந்த நேரம் அது. ஷார்ப் உடனே ஆர்வம் காட்டியது.

1980 ஏப்ரல் 28 அன்று கேம் அண்ட் வாட்ச் வரிசையின் முதல் கருவி பால் வெளிவந்தது. ஒரு ஆள் பந்துகளை மாறி மாறித் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் விளையாட்டு. இதன் திரையில் பிக்சல் கிடையாது. கால்குலேட்டரில் 8 என்ற எண்ணுக்கு ஏழு கோடுகள் முன்கூட்டியே வரைந்திருக்கும் இல்லையா? அதே மாதிரி கையும் பந்தும் வரக்கூடிய ஒவ்வொரு நிலையையும் கண்ணாடியிலேயே வடிவமாகப் பதித்து, தேவையானதை மட்டும் கருப்பாக்கினார்கள். நம்ம பிரிக் கேம் கட்டங்களும் இதே வேலைதான்.

உருவாக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. திரையின் இரண்டு தகடுகளும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டதால் வளையம் வளையமாகக் கறை தெரிந்தது. கிரெடிட் கார்டில் எழுத்து புடைத்து நிற்பது போல, தகட்டில் நூற்றுக்கணக்கான நுண்புள்ளிகளைப் புடைக்க வைத்து இடைவெளி உண்டாக்கலாம் என்று யோகோய் யோசித்தார். அதற்கு உதவியது எது தெரியுமா? ஹனாஃபுடா சீட்டுக்கு வைத்திருந்த பழைய அச்சு மெஷின்! அவர் எண்ணெய் போட்டுக் காப்பாற்றிய அந்த வேலை வீண்போகவில்லை.

கேம் அண்ட் வாட்ச் வரிசை மொத்தம் 4 கோடிக்கு மேல் விற்றது.

கட்டைவிரலுக்கு ஒரு பிளஸ் குறி

1981-இல் அமெரிக்காவில் விற்காமல் தேங்கிய ஆர்கேட் பெட்டிகளுக்குப் புது கேம் தேவைப்பட்டபோது, ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞர் டாங்கி காங் செய்தார். அவருக்கு மேலிருந்து வழிகாட்டியவர் யோகோய். அடுத்த வருஷம் அதைக் கைக்கருவியாக்க வேண்டி வந்தது. மடித்து மூடும் கருவிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஜாய்ஸ்டிக் அடங்காது. தனித்தனியாக நாலு பட்டன் வைத்தால், பார்க்காமல் அழுத்தும்போது விரல் தடுமாறும்.

யோகோய் நாலையும் ஒரே பிளஸ் வடிவத் துண்டாக இணைத்தார். நடுவில் ஒரு சின்ன மேடு. ஒரு பக்கம் அழுத்தினால் எதிர்ப்பக்கம் தூக்கும். இடமும் வலமும் ஒரே நேரத்தில் அழுந்தவே முடியாது. கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று தொட்டாலே தெரியும். அதற்குப் பிறகு வந்த கன்ட்ரோலர்களை எடுத்துப் பாருங்க, அந்தப் பிளஸ்ஸோ அதன் சாயலோ எங்கேயாவது இருக்கும்.

அவருடைய ஆர் அண்ட் டி 1 குழுவிலிருந்து 1986-இல் மெட்ராய்டும் வந்தது.

நாலே ஷேடு

யோகோய் கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்த கொள்கை ஒன்று உண்டு. காய்ந்துபோன டெக்னாலஜியைப் பக்கவாட்டில் யோசித்துப் பயன்படுத்துவது. காய்ந்துபோனது என்றால் உதவாதது இல்லை. எல்லாரும் பயன்படுத்திப் பழகி, விலை விழுந்து, குறைகளெல்லாம் தெரிந்துபோன டெக்னாலஜி. அதை யாரும் நினைக்காத இடத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் அவர் வழி.

அதற்குப் பெரிய சாட்சி கேம் பாய். 1989 ஏப்ரல் 21 அன்று வெளியானது. சதோரு ஒகாடா உள்ளிட்ட அவருடைய குழு செய்தது. 160-க்கு 144 பிக்சல், சாம்பல் பச்சையில் நாலே ஷேடு, பின்னொளி இல்லை. அதே காலத்தில் அட்டாரி லிங்க்ஸும் சேகா கேம் கியரும் பளபளக்கும் கலர் திரையோடு வந்தன. காகிதத்தில் ஒப்பிட்டால் கேம் பாய் அவுட்.

ஆனால் அந்தக் கலர் கருவிகள் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய் நாலு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. விலை குறைவு, கீழே விழுந்தால் உடையாது. அமெரிக்காவில் அதோடு சேர்த்துக் கொடுத்த கேம், ரஷ்யாவின் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ். அதற்குக் கலரே தேவையில்லை. கேம் பாயும் அதன் கலர் வாரிசும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றன. வளைகுடாப் போரில் குண்டு விழுந்து உருகிக் கருகிய ஒரு கேம் பாய், அப்புறமும் டெட்ரிஸ் ஓட்டியபடி நியூயார்க் கடையில் பல வருஷம் காட்சிக்கு இருந்தது. நம்ம ஊர் பீங்கான் மாதிரி, சூளைக்குள்ள போயும் நின்ன பொருள்!

சிவப்புத் தோல்வி

1995-இல் விர்ச்சுவல் பாய் வந்தது. கண்ணை வைத்துப் பார்த்தால் ஆழம் தெரியும் 3டி. செலவையும் பேட்டரியையும் மிச்சப்படுத்தச் சிவப்பு எல்இடி மட்டும். அதே பழைய கொள்கைதான். ஆனால் இந்தத் தடவை எடுபடவில்லை. தலையில் மாட்ட முடியாது, மேசையில் ஸ்டாண்டு போட்டுக் குனிந்து பார்க்கணும். கண்ணும் கழுத்தும் வலித்தன. எட்டு லட்சம்கூட விற்காமல் ஒரு வருஷத்துக்குள் நிறுத்தப்பட்டது.

மலிவாகச் செய்வது மட்டும் போதாது, யார் எங்கே எப்படி உட்கார்ந்து விளையாடுவார்கள் என்பதும் பொருந்தணும். ரயில் பயணியைப் பார்த்துப் பிறந்த கேம் அண்ட் வாட்சில் அந்த மனுஷன் இருந்தான். விர்ச்சுவல் பாயில் அவனைக் காணோம் என்பது என் கருத்து.

1996-இல் மெலிந்த கேம் பாய் பாக்கெட் வெளிவந்தது. அதே ஆகஸ்டில், 31 வருஷம் வேலை செய்த கம்பெனியை விட்டு யோகோய் விலகினார். கோட்டோ என்ற சொந்த நிறுவனம் தொடங்கி, பந்தாய் கம்பெனிக்காக ஒரு புதுக் கைக்கருவியில் இறங்கினார்.

1997 அக்டோபர் 4. நெடுஞ்சாலையில் அவர் போன கார் ஒரு சின்ன விபத்தில் சிக்கியது. என்ன ஆச்சு என்று பார்க்க இறங்கியவர் மீது இன்னொரு கார் மோதியது. 56 வயதில் யோகோய் போய்விட்டார்.

அந்தக் கைக்கருவி 1999 மார்ச்சில் வொண்டர்ஸ்வான் என்ற பெயரில் வந்தது. ஒரே ஒரு பென்சில் பேட்டரியில் ஓடியது. அதோடு வந்த ஒரு புதிர் விளையாட்டுக்கு அவர் நினைவாக குன்பே என்றே பெயர் வைத்தார்கள்.

என் லிஸ்ட்

சரி, ஆரம்பித்த இடத்துக்கு வருவோம். அடுத்த வருஷத்துக்கான ஐந்து இதுதான்:

1. பால்: மூணு பந்து போடும் கேம் பி-யில், ஒரு பந்தும் விடாமல் முழுசா ஒரு நிமிஷம்.
2. கேம் அண்ட் வாட்ச் டாங்கி காங்: பிளஸ் பட்டனின் முதல் வீடு. மேல் திரைக்கு ஏறி, குரங்கைக் கீழே தள்ளணும்.
3. மெட்ராய்டு: எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அதற்கேற்ப முடிவு மாறும். முதல்ல மேப் பார்க்காமல், நோட்டுல நானே வரைஞ்சு முடிக்கணும். வேகம் அப்புறம்.
4. சூப்பர் மரியோ லேண்ட்: 1989-இல் கேம் பாயோடு வந்தது, தயாரிப்பாளர் யோகோய். ஒரே உட்காரலில் முடிக்கணும்.
5. கேம் பாய் டெட்ரிஸ்: ஏ டைப்பில் ஒரு லட்சம் புள்ளி. எடுத்தால் ஒரு குட்டி ராக்கெட் கிளம்பும். அதைப் பார்க்காம விடப் போறதில்லை.

ரெண்டு மாசத்துக்கு ஒரு கேம், மிச்ச ரெண்டு மாசம் செமஸ்டருக்கு. ஒண்ணை முடிக்காமல் அடுத்ததைத் தொடுறதில்லை. விதி அவ்வளவுதான்.

போன மாசம் பிளேஸ்மென்ட் லிஸ்ட் ஒட்டினப்போ என் பேரைத் தேடி மூணு தடவை படிச்சேன். இல்லை. அன்னைக்கு ராத்திரி எந்தக் கேமும் ஓடலை. இப்போ வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு சின்ன யூனிட்டில் மெஷின் பராமரிப்பு வேலைக்கு ஆள் தேடுறாங்கன்னு சித்தப்பா சொன்னார். முதல்ல மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். இந்தக் கட்டுரைக்காகப் படிச்சு முடிச்சதும் அவருக்குப் போன் பண்ணி, எப்போ வந்து பார்க்கணும்னு கேட்டுட்டேன்.

அந்தப் பிரிக் கேம் இன்னும் வீட்டுல பீரோ மேலதான் இருக்கு. பொங்கல் லீவுக்குப் போனதும் ரெண்டு பேட்டரி போட்டுப் பார்க்கணும். உங்க லிஸ்ட்ல என்ன இருக்கு? அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க!