நிக்கோ ரின்பேர்கன் (1907 – 1988)

நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1907 ஏப்ரல் 15ஆந் திகதி பிறந்த நிக்கோலாஸ் ரின்பேர்கன், வகுப்பறையிலும் பார்க்கக் கடற்கரை மணல்மேடுகளையே நாடிய மாணவர். பொருளியலுக்கான நோபல் பரிசை 1969இல் பெற்ற யான் ரின்பேர்கன் இவருடைய தமையனாராவார். நிக்கோ லைடன் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று, 1932இல் கலாநிதிப் பட்டம் பெற்று, பின்னர் அங்கேயே கற்பித்தார். அவரது ஆய்வேடு 32 பக்கங்களே கொண்டது.

ஓர் உடலால் ஒரே கணத்தில் தாக்கவும் தப்பியோடவும் இயலாது. இரண்டு உந்தல்களும் ஒருங்கே எழுந்தால் விலங்கு என்ன செய்யும்? இவ்வினாவுக்கு விடை தேட அவருக்கு உதவியது, முதுகில் மூன்று முட்களுடைய ஸ்ரிக்கிள்பக் என்னும் சிறு மீனாகும். இளவேனிற் காலத்தில் ஆண் மீனின் வயிறு சிவக்கும். அது மணலைத் தோண்டிக் கூடமைத்து, தன் ஆட்சிப்பகுதிக்குள் நுழையும் வேற்று ஆணைத் துரத்தும். அயல் மீனின் பகுதியில் அகப்பட்டால் அதே மீன் தப்பியோடும். எல்லையிலோ இரு உந்தல்களும் சமவலுவுடையன. அவ்விடத்தில் எதிர்ப்பட்ட ஆண் மீன்கள் தலைகீழாக நின்று, கூடு கட்டுவதுபோல மணலைத் தோண்டின! சண்டையிடும் சேவல்கள் இடைநடுவில் இரை பொறுக்குவதுபோல நிலத்தைக் கொத்துவதும் இவ்வகையினதே. இதனை இடம்பெயர் நடத்தை என 1940இல் அவர் விளக்கினார். கோர்ட்லண்ட் என்ற இன்னோர் ஒல்லாந்தரும் அதே ஆண்டில் இக்கருத்தைத் தனித்து வெளியிட்டார்.

வழி அடைபட்ட ஊக்கசக்தி வேறு வாய்க்காலில் வழிந்தோடுகின்றது என்பதே ரின்பேர்கனின் விளக்கம். பின்வந்த ஆய்வாளர் பலர் இதனைக் கைவிட்டனர். சமவலுவுள்ள இரு உந்தல்களும் ஒன்றையொன்று தடுக்கும்போது, அவற்றால் அடக்கப்பட்டிருந்த மூன்றாவது நடத்தை விடுபடுகின்றது என்றனர். விளக்கம் மாறிற்று, மீன் மணல் தோண்டுவதைப் பற்றிய அவதானிப்பு மாறவில்லை.

நாஸிகள் நெதர்லாந்தைக் கைப்பற்றி, பல்கலைக்கழகத்திலிருந்து யூத ஆசிரியர்களை நீக்கினர். இதற்கு உடன்பட மறுத்த ஆசிரியர்களுள் ரின்பேர்கனும் ஒருவர். 1942இல் அவர் பணயக்கைதியாக முகாமில் அடைக்கப்பட்டார். பணயக்கைதிகள் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு ஆண்டுகள் அங்கிருந்தவர், தம் பிள்ளைகளுக்குக் கடற்பறவையொன்றின் கதையையும் ஸ்ரிக்கிள்பக் மீனின் கதையையும் படங்களுடன் எழுதி அனுப்பினார்.

போருக்கு முன் உடன் ஆய்வு செய்த நண்பர் கொன்ராட் லோரன்ஸ் நாஸிக் கட்சியில் இணைந்திருந்தவர். எனினும் 1949இல் இருவரும் மீண்டும் சந்தித்தனர். அவ்வாண்டிலேயே ரின்பேர்கன் ஒக்ஸ்போட் சென்றார். இயல்பூக்கம் பற்றிய அவரது நூல் 1951இல் வெளிவந்தது. லோரன்ஸ், கார்ல் வொன் பிரிஷ் ஆகியோருடன் 1973இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர், 1988 டிசெம்பர் 21ஆந் திகதி ஒக்ஸ்போட்டில் காலமானார்.