இதயத்தின் கையெழுத்தைப் படித்தவர்

இன்று ஈ.சீ.ஜி. எடுக்க ஐந்து நிமிடம் போதும். அதற்கு வழி திறந்தவர் வில்லெம் ஐந்தோவன்.

1860 மே 21 இல் ஜாவாத் தீவின் செமராங் நகரில் அவர் பிறந்தார். நம் நாட்டு மலாய் முஸ்லிம்களின் முன்னோர் பலர் வந்ததும் அதே தீவிலிருந்துதான். வைத்தியரான தந்தை, மகன் சிறுவனாக இருந்தபோதே காலமானார். தாய் ஆறு பிள்ளைகளுடன் 1870 இல் ஒல்லாந்து சென்று, உட்ரெக்ட் நகரில் அவர்களை வளர்த்தார். அங்கே மருத்துவம் கற்ற ஐந்தோவன், 25 வயதிலேயே லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

இதயம் துடிக்கும்போது சிறு மின்சாரம் உண்டாகிறது என்பது அப்போதே தெரிந்திருந்தது. அதைத் திருத்தமாகப் பதியத்தான் கருவி இல்லை. வெள்ளி பூசிய, மயிரைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையைக் காந்தத்தின் நடுவே கட்டினார் ஐந்தோவன். இதயத்தின் மின்சாரம் பாய்ந்ததும் இழை அசையும். அதன் நிழல் படமாகப் பதியும். கருவியின் எடை ஏறக்குறைய 270 கிலோ. அதை இயக்க 5 பேர் வேண்டும். நோயாளி இரு கைகளையும் இடக்காலையும் உப்புநீரில் வைத்திருக்க வேண்டும். கருவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே 1905 இல், ஒன்றரைக் கிலோமீற்றர் தொலைபேசிக் கம்பி வழியாக நோயாளிகளின் துடிப்பைத் தன் ஆய்வுகூடத்துக்கே வரவழைத்தார்.

அலைகளுக்கு பி, கியூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டவரும் அவரே. நோயுற்ற இதயங்களின் படங்களை 1906 இல் வெளியிட்டு, ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு வடிவம் உண்டு என்று காட்டினார்.

அந்த வடிவத்தை நான் கண்டது என் உம்மம்மாவின் தாளில். கொஸ்லந்தையில் மேடு ஏறும்போது வரும் படபடப்பை அவர் வெறும் களைப்பென்றே நினைத்திருந்தார். வைத்தியர் எனக்குக் கட்டங்களை எண்ணக் காட்டினார். பெரிய கட்டம் ஒன்று 0.2 விநாடி. ஓய்வாக இருக்கும்போது, உயர்ந்த ஆர் முனைகளுக்கிடையே மூன்று முதல் ஐந்து கட்டங்கள் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் சிறிய பி அலை வர வேண்டும். உம்மம்மாவின் தாளில் இடைவெளிகள் தாறுமாறாக இருந்தன. பி அலையே இல்லை. இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் நடுங்குவதன் அடையாளம் அது. அங்கே உறையும் குருதி மூளைக்குச் சென்றால் பாரிசவாதம் வரலாம். உம்மம்மா இப்போது அதைத் தடுக்கும் குளிசை குடிக்கிறார்.

இக்கோளாறு சிலருக்கு வந்து வந்து மறையும். துடிப்பு சீராக இருக்கும் நேரத்தில் எடுத்த தாளில் அது தெரியாது. எனவே, ஒருமுறை தாள் நன்றாக இருந்தாலும், படபடப்பு மீண்டும் வந்தால் மறுபடி காட்ட வேண்டும்.

ஐந்தோவனுக்கு 1924 இல் நோபல் பரிசு கிடைத்தது. 1927 இல் அவர் மறைந்தார். அவர் வைத்த எழுத்துகளைக் கொண்டே உலகெங்கும் வைத்தியர்கள் இன்றும் இதயத்தைப் படிக்கிறார்கள்.