காவியணிந்த உரோமைக் குருவானவர்

ஆள் பாதி ஆடை பாதி என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். தாம் உடுத்திய உடையினாலேயே திருச்சபையில் பெரும் வழக்கொன்றை எழுப்பிய ஒருவரின் வாழ்வை இன்று உங்கள் முன் வைக்கிறோம். தமிழில் தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற இயேசு சபைத் துறவி றொபேர்ட் டி நொபிலி அவர்களே அவர்.

1577ஆம் ஆண்டு இத்தாலியில் உயர்குடியில் பிறந்தார் நொபிலி. பாப்பரசர் மூன்றாம் ஜூலியசும் கருதினால் பெலார்மினும் அவருடைய உறவு வழியினர். பட்டாடைக்கும் பதவிக்கும் குறைவில்லாத அந்த வீட்டைத் துறந்து இயேசு சபையில் சேர்ந்தார். 1605இல் கோவாவில் கரையிறங்கி, முத்துக்குளித்துறையில் தமிழ் பயின்று, 1606இன் இறுதியில் மதுரையை அடைந்தார்.

மதுரையில் அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கேயக் குருவானவர் பல ஆண்டுகள் உழைத்து வந்தார். கடற்கரையிலிருந்து வந்து அங்கு குடியேறிய பரதவ மக்களுக்குப் பணி செய்தாரேயன்றி, நகரத்தார் எவரும் அவரை நாடி வரவில்லை. காரணம் என்ன? கறுப்பு அங்கியும் தோற் செருப்பும், மாட்டிறைச்சியும் மதுவும் சேர்ந்து பறங்கி என்ற ஒரே சொல்லில் அடங்கின. வேதத்தில் சேர்வதென்றால் பறங்கியாவது என்றே மக்கள் விளங்கிக்கொண்டார்கள். போதனை காதில் விழுமுன்னரே உடை கதவைச் சாத்திவிட்டது.

நொபிலி என்ன செய்தார்? கறுப்பு அங்கியைக் கழற்றினார். காவி நிற நீண்ட அங்கி, தோளில் ஒரு மெல்லிய துணி, தலைப்பாகை, காலில் மரப் பாதுகை, நெற்றியில் சந்தனம் எனத் தம் கோலத்தை மாற்றினார். திருநீறு அணியவில்லை. சிறிது காலம் மார்பில் நூலும் அணிந்தார். மூன்று பொன்னிழை தமதிரித்துவத்துக்கு, இரண்டு வெள்ளியிழை கிறிஸ்துவின் உடலுக்கும் ஆன்மாவுக்கும். அதில் ஒரு சிலுவை தொங்கியது. பின்னர், துறவிக்கு நூல் வேண்டியதில்லை என்று கண்டு அதனையும் விட்டார். ஒரு நாளைக்கு ஒரு வேளை மரக்கறி உணவு, மண் குடிசை, சிவதர்மர் என்ற அறிஞரிடம் வடமொழிப் பாடம் என்று அவர் வாழ்வு நடந்தது.

இந்த உடை முற்றாக உரோமையுடையதுமன்று, முற்றாக மதுரையுடையதுமன்று என்பதைக் கவனியுங்கள். நாட்டு வழக்கம் எது, வழிபாடு எது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்து, முன்னதை ஏற்றுப் பின்னதை விலக்கி அவர் தாமே அமைத்துக்கொண்ட கோலம் அது. சீனாவில் மத்தேயு ரிச்சியும் முதலில் பௌத்த துறவியின் உடை தரித்து, 1595இல் அதை விட்டு அறிஞரின் பட்டங்கியை ஏற்றார்.

எதிர்ப்பு வெளியிலிருந்து வரவில்லை, உள்ளிருந்தே வந்தது. பெர்னாண்டஸ் 1610இல் மேலிடத்துக்கு முறையிட்டார். 1619இல் கோவாவில் கூடிய மாநாட்டில் கோவாப் பேராயர் எதிர்த்தார். கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ்கு ரோஸ் ஆதரித்தார். இறுதியில் 1623 ஜனவரி 31ந் திகதி பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி, நூலும் குடுமியும் சந்தனமும் வழிபாட்டு நோக்கமின்றிக் குல அடையாளமாக இருக்கும் வரை அனுமதிக்கலாம் எனத் தீர்ப்பளித்தார்.

ஆனால் வாசகரே, ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. பறங்கி என்ற மதிலைத் தாண்டிய அதே உடை, சாதி என்ற மதிலைத் தாண்டவில்லை. உயர்குலத்தார் ஏற்கும் கோலத்தில் இருந்தவர் தாழ்த்தப்பட்டோருடன் வெளிப்படையாகப் பழக முடியவில்லை. ஒரே விசுவாசத்தில் இரு கூட்டங்கள் உண்டாயின. இக்குறையைத் தீர்க்கவே 1640 அளவில் பல்தசார் தா கோஸ்தா பண்டாரசுவாமியின் கோலம் பூண்டார். பண்டாரம் எக்குலத்தாரையும் அணுகலாம். புனித அருளானந்தரும் இவ்வழியிலேயே சென்று 1693இல் ஓரியூரில் இரத்தம் சிந்தினார். ஆயினும் சாதி நம் கோவில் வாசலிலிருந்து முற்றாக நீங்கிவிட்டதா என்ற கேள்வி இன்றும் நம்மைச் சுடுகிறது.

நொபிலி 1640இல் மதுரையில் சிறை கண்டார். முதுமையில், பார்வை மங்கிய நிலையில் நம் யாழ்ப்பாணத்துக்கும் வந்திருந்தார். பின்பு மயிலாப்பூரில் ஒரு குடிசையில் வாழ்ந்து 1656 ஜனவரி 16ந் திகதி இறைவனடி சேர்ந்தார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம் முதலிய அவருடைய நூல்கள் தமிழ் உரைநடைக்கும் செல்வமாயின.

1687இல் கூலியாளின் கந்தலுடன் யாழ்ப்பாணம் வந்த நம் புனித யோசே வாஸ் அடிகளாரும் 1711இல் அதே ஜனவரி 16ந் திகதியே கண்டியில் மரித்தார். ஒருவர் காவி தரித்தார். மற்றவர் கந்தல் தரித்தார். நம் களனி கோணவலையிலும் 1974இல் அருட்தந்தை அலோசியஸ் பீரிஸ் நிறுவிய துலானா நிலையத்தில் பௌத்த கலைஞர்கள் நற்செய்திக் காட்சிகளைத் தம் கலை மரபிலேயே படைத்துள்ளனர். சுவிசேஷம் இந்நாட்டின் உடையை உடுத்த முடியும் என்பதற்கு அதுவும் சான்று.

காலையில் நாம் உடுக்கும் உடை யாரை நம்மருகே அழைக்கிறது, யாரைத் தள்ளி நிறுத்துகிறது? அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படும்போது ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.